சமூகத்தை வாசித்த அறிஞர் இப்னு கல்தூன்

உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் கற்கும் எவருக்கும் இப்னு கல்தூன் என்ற பெயர் புதியதல்ல. சமூகவியலின் தந்தை, முகத்திமா என்ற நூலின் ஆசிரியர், பிறப்பு 1332, வபாத் 1406. இவ்வளவையும் மனனமிட்டுக்கொண்டு பரீட்சை மண்டபத்துக்குச் செல்கிறோம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் எழுபது வருடங்களைக் கடந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த இளைஞர், அரசவைச் செயலாளர், சிறைக்கைதி, தூதுவர், ஆசிரியர், காழி, கடலிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த தந்தை எனப் பல நிலைகளை அவர் கண்டார். மனித சமூகம் எப்படி இயங்குகிறது என்று அவர் எழுதியவை அந்த அனுபவங்களின் ஊடாகவே வந்தன.

இலங்கையில் உயர்தரக் கலைப்பிரிவில் சமூகவியல் என்று தனியொரு பாடம் இல்லை. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ பேராதனைக்கோ சென்ற பின்னர்தான் அதைத் தெரிவு செய்யலாம். அப்படித் தெரிவு செய்ய விரும்பும் மகளிடம், அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று பெற்றோர் கேட்பது எமது ஊர்களில் வழமை. மருத்துவம், பொறியியல் என்றால் அந்தக் கேள்வி எழுவதில்லை. அக்கேள்வி நியாயமானதே. அதற்கான பதிலைத் தேடும்போது இந்த அறிஞரின் வாழ்க்கை எமக்குப் பெரிதும் உதவுகிறது.

தூனிஸ் நகரத்து மாணவர்

அப்துர் ரஹ்மான் இப்னு முஹம்மத் இப்னு கல்தூன் 1332 மே 27ஆம் திகதி, அதாவது ஹிஜ்ரி 732 ரமழான் முதலாம் நாள், வட ஆபிரிக்காவின் தூனிஸ் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் யெமனின் ஹழ்ரமௌத் பிரதேசத்தைச் சேர்ந்த அரபிகள். பின்னர் அவர்கள் ஸ்பெயினின் செவில் நகரில் குடியேறி, அங்கு செல்வாக்குள்ள குடும்பமாக விளங்கினார்கள். 1248இல் செவில் கிறிஸ்தவ அரசரின் கைக்குச் செல்லும் முன்னர் அக்குடும்பம் ஊரை விட்டு வெளியேறி, காலப்போக்கில் தூனிஸை வந்தடைந்தது. எனவே ஓர் ஊர் எப்படி உயர்கிறது, எப்படி வீழ்கிறது என்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

பாட்டன்மார் அரசியலில் இருந்தவர்கள். தந்தையோ அரசியலை விட்டு ஒதுங்கி அறிவுத்துறையில் ஈடுபட்டார். மகனுக்கு முதல் ஆசிரியரும் அவரே. அல்குர்ஆனை மனனம் செய்த இப்னு கல்தூன், அரபு இலக்கணம், கவிதை, ஹதீஸ், மாலிகி மத்ஹபின் சட்டம் ஆகியவற்றைக் கற்றார். 1347இல் மொரோக்கோவின் சுல்தான் அபுல் ஹஸன் தூனிஸைக் கைப்பற்றியபோது அவரோடு பல அறிஞர்களும் வந்தார்கள். அவர்களுள் ஒருவரான அல்ஆபிலி என்பவரிடமே இப்னு கல்தூன் கணிதம், மெய்யியல் ஆகியவற்றையும், இன்று நாம் உயர்தரத்தில் படிக்கும் அளவையியலையும் கற்றார். ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளாமல் அது நடந்திருக்கக் கூடியதா என்று சோதிக்கும் பழக்கம் இந்த ஆசிரியரிடம் பெற்ற பயிற்சியால் வலுப்பெற்றது.

கொள்ளைநோய்

அடுத்த வருடம் வந்தது வரலாற்றில் கறுப்பு மரணம் எனப்படும் கொள்ளைநோய். ஆசியாவிலிருந்து ஐரோப்பா வரை கோடிக்கணக்கானோரைக் கொன்ற அந்நோய், தூனிஸையும் விட்டுவைக்கவில்லை. ஹிஜ்ரி 749இல் இப்னு கல்தூனின் தாயும் தந்தையும் அதில் வபாத்தானார்கள். அவருக்குக் கல்வி புகட்டிய ஆசிரியர்கள் பலரும் மறைந்தார்கள். அப்போது அவருக்குப் பதினேழை ஒட்டிய வயது. இன்று எமது வகுப்பறைகளில் இருக்கும் மாணவியரின் வயது அது.

வீடு வெறுமையானது, படிப்பும் தடைப்பட்டது. எஞ்சியிருந்த ஆசிரியர்கள் மொரோக்கோவுக்குத் திரும்பியபோது அவர்களோடு செல்ல ஆசைப்பட்டார். மூத்த சகோதரர் அதைத் தடுத்தார். இருபது வயதளவில் தூனிஸ் அரசவையில் அவருக்கு ஒரு சிறிய உத்தியோகம் கிடைத்தது. அரச கடிதங்களின் தலைப்பில் இறைவனைப் புகழும் வாசகத்தை அழகிய எழுத்தில் எழுதுவதே அவ்வேலை. அது அவர் மனதை நிறைக்கவில்லை. விரைவிலேயே தூனிஸை விட்டுப் புறப்பட்டார்.

கொள்ளைநோய் நகரங்களை வெறிச்சோடச் செய்ததையும், பாதைகள் மறைந்து, அரசுகள் பலவீனமடைந்ததையும் அவர் பிற்காலத்தில் முகத்திமாவில் எழுதினார். உலகமே மாறிப்போனதால் அந்தப் புதிய உலகத்தின் நிலையை யாராவது ஒருவர் பதிவு செய்தாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த எண்ணத்தின் வேர் பதினேழு வயதுத் துயரத்தில் இருப்பதாகவே தோன்றுகிறது.

அரண்மனையும் சிறையும்

1354இல் மொரோக்கோவின் பாஸ் நகரை அடைந்து சுல்தான் அபூ இனானின் அவையில் சேர்ந்தார். அந்த நகரில்தான் இலங்கையோடு தொடர்புடைய ஒரு சம்பவமும் நடந்தது. 1344இல் எமது நாட்டுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறிய இப்னு பதூதா, தன் நீண்ட பயணங்களை முடித்துக்கொண்டு பாஸ் நகருக்குத் திரும்பியிருந்தார். இந்தியாவைப் பற்றி அவர் கூறிய கதைகளைக் கேட்டோர் நம்ப மறுத்தார்கள். இப்னு கல்தூனும் சந்தேகப்பட்டார். அப்போது ஓர் அமைச்சர் அவருக்கு ஒரு கதை சொன்னார். சிறையிலேயே பிறந்ததுபோல் தந்தையோடு அடைபட்டு வளர்ந்த ஒரு பிள்ளை, தான் உண்ணும் இறைச்சி ஆட்டினுடையது என்று கேள்விப்பட்டதும், ஆடு என்பது எலியைப் போன்ற ஒரு பிராணி என நினைத்துக்கொண்டதாம். ஏனெனில் அது கண்ட ஒரே மிருகம் சிறையிலிருந்த எலிதான்.

நான் காணாததால் அது பொய் என்று சொல்லிவிட முடியாது. பலர் சொல்வதால் அது உண்மை என்றும் கொள்ள முடியாது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வழியைத்தான் இப்னு கல்தூன் பின்னர் தன் ஆய்வு முறையாக வகுத்துக்கொண்டார். இந்தக் கதையையும் அவர் தன் நூலிலே சேர்த்திருக்கிறார்.

அரசவை வாழ்வு பாதுகாப்பானதாக இருக்கவில்லை. சுல்தானுக்கு எதிரான சதியில் சம்பந்தப்பட்டார் என்ற சந்தேகத்தில் 1357இல் சிறையிடப்பட்டார். ஏறத்தாழ இரண்டு வருடங்கள் கழிந்து, சுல்தான் இறந்த பின்னரே விடுதலை கிடைத்தது. 1362இல் ஸ்பெயினின் கிரனாடாவுக்குச் சென்று சுல்தான் ஐந்தாம் முஹம்மதின் அன்பைப் பெற்றார். 1364இல் கஸ்டில் நாட்டு அரசர் பெத்ரோவிடம் தூதுவராக அனுப்பப்பட்டார். அந்த அரசரின் அவை, தன் முன்னோர் வாழ்ந்த செவில் நகரிலேயே இருந்தது. அங்கேயே தங்கினால் முன்னோரின் சொத்துக்களைத் திருப்பித் தருவதாக அரசர் ஆசை காட்டினார். இப்னு கல்தூன் மறுத்துவிட்டார்.

பின்னர் பிஜாயா என்ற துறைமுக நகரின் ஆட்சியாளர் அவரைத் தலைமை அமைச்சராக நியமித்தார். பகலில் அரச வேலை, பின்பு பள்ளிவாசலில் பாடம் என்று அவருடைய நாட்கள் கழிந்தன. மலைப்பகுதிப் பழங்குடிகளிடம் வரி வசூலிக்கத் தாமே சென்றார். அந்த ஆட்சியாளரும் அடுத்த வருடம் போரில் கொல்லப்பட்டார். அதன் பின் எட்டு ஒன்பது வருடங்கள் ஓர் அரசிலிருந்து இன்னோர் அரசுக்கு மாறி மாறி அலைந்தார். வெல்லும் பக்கம் சாய்பவர் என்று அவரைக் குறை கூறுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அப்படி அலைந்ததால்தான் பாலைவனக் கோத்திரத்தாரின் கூடாரத்தையும் அரசரின் மாளிகையையும் ஒருங்கே உள்ளிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

கோட்டையில் எழுதிய நூல்

1375இல் அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அரசியல் சலித்துப்போயிருந்தது. இன்றைய அல்ஜீரியாவில் கல்அத் இப்னு ஸலாமா என்ற தனித்த கோட்டையொன்றில், ஓர் அரபுக் கோத்திரத்தாரின் பாதுகாப்பில் குடும்பத்தோடு தங்கினார். ஏறத்தாழ நான்கு வருடங்கள் அங்கே இருந்தார். உலக வரலாறு ஒன்றை எழுதத் தொடங்கி, 1377இல் அதன் முன்னுரையை ஐந்து மாதங்களில் எழுதி முடித்தார். முகத்திமா என்ற சொல்லின் பொருள் முன்னுரை என்பதே. ஆனால் அந்த முன்னுரையே முழு வரலாற்று நூலான கிதாபுல் இபரை விடப் புகழ்பெற்றுவிட்டது.

அவர் அதில் என்ன செய்தார்? முதலில், வரலாற்றாசிரியர்கள் கேட்டதையெல்லாம் எழுதிவைப்பதைக் கண்டித்தார். நபி மூஸா (அலை) அவர்களின் காலத்தில் பனூ இஸ்ராயீலரின் படையில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள் என்று பழைய நூல்களில் ஒரு செய்தி இருந்தது. அவ்வளவு பெரிய படை ஒரு நிலப்பரப்பில் அணிவகுத்து நிற்க முடியுமா, அவர்களுக்கு உணவு எங்கிருந்து வரும், சில தலைமுறைகளில் அத்தனை பேர் பெருகியிருக்க முடியுமா என்று கணக்குப் பார்த்து அந்த எண்ணிக்கையை நிராகரித்தார். சமூகத்தின் இயல்பை அறிந்தவரால்தான் சமூகத்தைப் பற்றிய செய்தியில் மெய்யையும் பொய்யையும் பிரிக்க முடியும் என்பது அவர் முடிவு. அதற்கென்று ஒரு தனிக்கலை தேவை என்று கண்டு, அதற்கு இல்முல் உம்ரான் என்று பெயரிட்டார். மனிதர் கூடி வாழ்வதைப் பற்றிய அறிவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பிரெஞ்சு அறிஞர் ஒகஸ்ட் கொம்ட் சமூகவியல் என்ற பெயரை வழங்கியது 1838ஆம் ஆண்டளவில். அதற்கு நானூற்று அறுபது வருடங்களுக்கு முன்னரே இந்தக் கோட்டையில் அந்தத் துறைக்கு அத்திவாரம் இடப்பட்டுவிட்டது.

மனிதன் தனித்து வாழ முடியாதவன் என்பதை அவர் ஒரு நாள் உணவைக் கொண்டு விளக்கினார். ஒரு பிடி கோதுமை உணவாவதற்கு உழுபவர், அறுப்பவர், அரைப்பவர், சுடுபவர், அவர்களுக்குக் கருவி செய்யும் கொல்லர், தச்சர் என எத்தனை பேர் வேண்டும்! எமது வயல்களையும் மருதமுனைக் கைத்தறியையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூலுக்குச் சாயமிடுபவர் ஒருவர், பாவோட்டுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர். ஒரு சாரத்துக்குள் ஓர் ஊரே இருக்கிறது.

அடுத்தது அஸபிய்யா. ஒரு கூட்டத்தாரை ஒருவருக்காக ஒருவர் நிற்கச் செய்யும் பிணைப்புணர்வே அது. கடினமான வாழ்வு வாழும் கோத்திரத்தாரிடம் அது வலுவாக இருக்கும். அதன் பலத்தால் அவர்கள் ஆட்சியைப் பிடிப்பார்கள். நகரத்துச் சுகபோகத்தில் இரண்டாம் தலைமுறை தளரும். மூன்றாம் தலைமுறை அந்தப் பிணைப்பையே மறந்துவிடும். பின்னர் வேறொரு கூட்டம் வரும். ஒரு தலைமுறைக்கு நாற்பது வருடங்கள் என்று கொண்டு, ஓர் அரசின் ஆயுள் பொதுவாக நூற்றிருபது வருடங்களைத் தாண்டாது என்று அவர் கணித்தார். வரியைப் பற்றி எழுதும்போது, தொடக்கத்தில் வரி குறைவாகவும் வருமானம் கூடுதலாகவும் இருக்கும், இறுதியில் வரி கூடி வருமானம் குறையும் என்றார். மலைகளில் வரி வசூலித்த அனுபவம் இதில் தெரிகிறது.

கல்வியைப் பற்றியும் எழுதினார். பிள்ளைகளைக் கடுமையாகத் தண்டித்துக் கற்பித்தால் அவர்கள் தண்டனைக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகுவார்கள், உற்சாகம் மங்கிப்போகும் என்றும், பாடத்தைச் சிறிது சிறிதாக, மீட்டி மீட்டிக் கற்பிக்க வேண்டும் என்றும் கூறினார். இந்தப் பகுதியைப் பெற்றோரும் ஆசிரியர்களும் இன்றும் படிக்கலாம்.

கடல் கொண்டுபோன குடும்பம்

நூலை நிறைவு செய்ய நூலகங்கள் தேவைப்பட்டதால் 1378இல் தூனிஸுக்குத் திரும்பினார். அங்கும் பொறாமை அவரைச் சூழ்ந்தது. 1382இல் ஹஜ்ஜுக்குச் செல்வதாக அனுமதி பெற்று எகிப்துக்குக் கப்பலேறினார். கெய்ரோ அக்காலத்தில் இஸ்லாமிய உலகின் பெருநகரம். அல்அஸ்ஹரில் அவரிடம் பாடம் கேட்க மாணவர் கூடினார்கள். 1384இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிகி மத்ஹபின் தலைமைக் காழியாக நியமித்தார்.

அவர் திரும்பி வரட்டும் என்பதற்காகத் தூனிஸின் ஆட்சியாளர் அவருடைய குடும்பத்தை அனுப்பாமல் வைத்திருந்தார். சுல்தான் பர்கூக் கடிதம் எழுதிக் கேட்ட பின்னரே அனுமதி கிடைத்தது. குடும்பத்தார் வந்த கப்பல் அலெக்சாந்திரியாவை நெருங்கும் வேளையில் புயலில் சிக்கி மூழ்கியது. மனைவியையும் பிள்ளைகளையும் உடைமைகளையும் கடல் கொண்டுபோனது.

எமது கரையோரத்தில் இந்தப் பகுதியை வாசிக்கும் எவரும் சற்று நிற்காமல் கடந்துபோக முடியாது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைக் காவுகொண்டது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை எங்கும் ஒரு காலைப்பொழுதில் குடும்பங்கள் இல்லாமல் போயின. எம்மைப் போன்ற மாணவியர் அப்போது பிறந்திருக்கவில்லை. உம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று யாருடைய பிள்ளை என்று பாராமல் தூக்கிக்கொண்டு ஓடியதையும், இருந்த அரிசியைப் பகிர்ந்து சமைத்ததையும் சொல்வார்கள். நாள் செல்லச் செல்ல வீடு, காணி, நிவாரணம் என்று மனஸ்தாபங்கள் வந்ததையும் சொல்வார்கள். கஷ்டத்தில் இறுகும் பிணைப்பு வசதி வரும்போது தளர்கிறது என்று இப்னு கல்தூன் எழுதியது அரசர்களுக்கு மட்டும் பொருந்துவதல்ல.

அந்த இழப்புக்குப் பின் அடுத்த வருடம் அவர் காழிப் பதவியை இழந்தார். 1387இல் ஹஜ் கடமையை நிறைவேற்றினார். மீண்டும் கற்பித்தார், எழுதியதைத் திருத்தினார். இலஞ்சத்துக்கும் பொய்ச் சாட்சிக்கும் இடம்கொடாத காழியாக இருந்ததால் எதிரிகள் கூடினார்கள். பதவி கிடைப்பதும் பறிபோவதுமாக மொத்தம் ஆறு தடவைகள் அவர் காழியாக நியமிக்கப்பட்டார்.

1401 ஜனவரியில் தைமூரின் படை டமஸ்கஸ் நகரை முற்றுகையிட்டிருந்தது. எகிப்திய சுல்தானோடு அங்கு சென்றிருந்த இப்னு கல்தூன், சுல்தான் கெய்ரோவுக்குத் திரும்பிய பின்னும் நகருக்குள்ளேயே இருந்தார். அறுபத்தெட்டு வயதில், கயிறு கட்டி மதிலிலிருந்து கீழே இறக்கப்பட்டுத் தைமூரைச் சந்தித்தார். ஒரு மாதத்துக்கு மேலாக அவருடைய பாசறைக்குச் சென்றுவந்தார். தைமூர் கேட்டபடி வட ஆபிரிக்க நாடுகளைப் பற்றி எழுதியும் கொடுத்தார். அந்தச் சந்திப்புகளால் டமஸ்கஸைக் காப்பாற்ற முடியவில்லை. நகரம் சூறையாடப்பட்டு எரிந்தது. அரசுகளின் எழுச்சியையும் அழிவையும் பற்றி எழுதியவர், அந்த எழுச்சியையும் அழிவையும் ஒரே இடத்தில் நேரில் கண்டார்.

1406 மார்ச் 17ஆம் திகதி, ஹிஜ்ரி 808 ரமழான் 26இல், ஆறாவது தடவையாகக் காழிப் பதவியில் இருந்த நிலையில் கெய்ரோவில் வபாத்தானார். நகர வாயிலுக்கு வெளியே ஸூபிகளின் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கப்ரு எங்கே இருக்கிறது என்பதற்கு இன்று அடையாளம் இல்லை.

அவர் எழுதாமல் விட்டது

இப்னு கல்தூன் தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அதில் அரசர்களும் ஆசிரியர்களும் கடிதங்களும் நிறைந்திருக்க, மனைவியையும் பெண்மக்களையும் பற்றி மிகக் குறைவாகவே காணப்படுகிறது. அஸபிய்யாவைப் பற்றி எழுதியபோதும் தந்தை வழி உறவே அவர் கண்முன் இருந்தது. அவர் வாழ்ந்த சமூகம் அப்படி.

எமது கிழக்குக் கரையின் அமைப்பு வேறு. இங்கு குடி தாய் வழியாக வருகிறது. ஒவ்வொரு குடிக்கும் மரைக்காயர் இருந்து பள்ளிவாசல் நிர்வாகத்தில் பங்குகொண்டது பழைய வழக்கம். திருமணத்தின்போது வீடு மகளுக்குரியதாகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். இதனால் பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரையும் அருகில் உம்மாவும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அதே வழக்கத்தால், மகள் பிறந்த நாளிலிருந்து வீடு கட்டுவதற்காக வாப்பா உழைக்கிறார். சில வீடுகளில் சகோதரிக்கு வீடு முடியும் வரை சகோதரனின் திருமணம் தள்ளிப்போகிறது. பெண்ணின் படிப்புக்கு வைத்த காசு சில இடங்களில் சீமெந்தாகவும் கல்லாகவும் மாறுகிறது. ஒரே வழக்கம் பாதுகாப்பாகவும் சுமையாகவும் இருக்கிறது.

இதைப் புகழ்ந்து பேசுவோரும் உண்டு, ஏசுவோரும் உண்டு. இப்னு கல்தூன் இருந்திருந்தால் புகழ்வதற்கும் ஏசுவதற்கும் முன்னர் கேட்டிருப்பார்: இது எப்படித் தோன்றியது? யார் இதனால் வாழ்கிறார்கள்? எந்த நிலையில் இது மாறும்? எமது வீடுகளைப் பற்றி இந்தக் கேள்விகளை நன்றாகக் கேட்கக்கூடியவர்கள் அந்த வீடுகளுக்குள் வாழும் பெண்களே. அதற்குப் பயிற்சி வேண்டும். கேட்டதைச் சோதிக்கவும், எண்ணிப் பார்க்கவும், தன் ஊரையே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கவும் பழக வேண்டும். சமூகவியல் தருவது அந்தப் பயிற்சியை. அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் வாப்பாவிடமும் உம்மாவிடமும் சொல்லத்தக்க பதில் இதுவே: நீங்கள் சுமந்து வந்தது எது, அதில் நாங்கள் காக்க வேண்டியது எது, இறக்கி வைக்க வேண்டியது எது என்று அறிந்துகொள்ளப் போகிறோம்.